பேதுருவின் காலில் வெள்ளைத் துணி

கோயிலில் எல்லோரும் கண்களை மூடித் தலைகுனிந்திருந்த நேரத்தில் சேவல் கூவியது.

ஐயர் நீண்ட ஸ்தோத்திர ஜெபத்தின் நடுவில் இருந்தார். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். சேவலும் மறுபடி தொடங்கியது.

அன்று அறுப்பின் பண்டிகை. பீடத்துப் படிகளில் நெற்கதிர்க் கட்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே பூசணிக்காய்கள், இரண்டு வாழைத்தார்கள், உமி பரப்பிய கூடையில் முட்டைகள், ஒரு சொம்பில் பால். புது வைக்கோலின் வாசனை கோயில் முழுக்க நிறைந்திருந்தது. படிகளுக்கு வலது பக்கத்தில், முதல் பெஞ்சின் காலில் கட்டப்பட்டு நின்றது எங்கள் வீட்டுச் சேவல். அதன் ஒரு காலில் கயிறு; இன்னொரு காலில் சிறிய வெள்ளைத் துணி.

சேவலின் பெயர் பேதுரு. அது சபை முழுவதற்கும் தெரியும். சேவல் கூவுமுன் கர்த்தரை மூன்று தரம் மறுதலித்து, அது கூவியதும் அழுத அப்போஸ்தலன் பேதுருவின் கதையும் தெரியும். ஆகவே பெண்கள் பக்கத்தில் யாரோ முந்தானையால் அடக்கிய சிரிப்பு மெதுவாக ஆண்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

என் தங்கை சாராள் மட்டும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஏலம். பேதுரு யார் கைக்குப் போகிறதோ அவர் வீட்டுச் சட்டியில்தான் அதற்கு முடிவு. அது அவளுக்குத் தெரியும்.

முதல் காயும் முதல் முட்டையும்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சில வரிகள். அப்போது நாங்கள் பாரிவாக்கத்தில் இருந்தோம். எங்கள் தகப்பனாரை நைனா என்போம்; அவர் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டுக்கு எதிரே ஓடு வேய்ந்த சிறிய கோயில். இரண்டாம் உலக யுத்தம் இன்னும் வரவில்லை. ஆவடிப் பக்கம் ராணுவ லாரிகள் ஓடத் தொடங்காத காலம். சாலையில் நாங்கள் பார்த்ததெல்லாம் பூந்தமல்லி பஜாருக்குப் போகும் மாட்டு வண்டிகள்தாம்.

வீட்டுக் கொல்லையில் விளைவதில் முதலாவது கர்த்தருக்கு. அது எங்கள் சபையின் வழக்கம். புடலங்கொடி காய்த்தால் முதல் காய், வாழை குலை தள்ளினால் முதல் தார், கோழி முட்டையிடத் தொடங்கினால் முதல் முட்டை. அம்மா தன் பழைய வெள்ளைப் புடவையிலிருந்து விரல் அகலத்துக்குத் துணி கிழித்து வைத்திருப்பாள். எது கர்த்தருடையதோ அதில் ஒரு சிறு ஜெபத்தோடு அந்தத் துணியைக் கட்டிவிடுவாள். கட்டியதை யாரும் தொடக் கூடாது. பண்டிகையன்று கோயிலில் வைத்து, பிறகு ஏலம் விட்டு, வருவதைச் சபைக் காரியங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். பண்டிகைக்கு முன்பே முற்றிவிடும் காய்களை அந்தந்த ஞாயிறே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.

அண்டை வீட்டுக்காரர்களும் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் விவசாயக் குடும்பம். எங்கள் மதம் அல்ல. இருந்தும் எங்கள் வேலியோரத்துப் பூசணியில் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டால் தங்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு போவார்கள். "அது அவுங்க சாமிக்கு நேந்துட்டது" என்று ஆட்டிடம் சொல்வது எங்களுக்குக் கேட்கும்.

காலால் கேட்பது

நைனா அதிகம் உபதேசிப்பவர் அல்ல. வீட்டில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"காதால கேக்கறது பாதி. காலால கேக்கறதுதான் முழுசு."

ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "இதோ" என்று சொல்லிக்கொண்டே அது எழுந்து நடக்க வேண்டும். இரண்டாம் முறை அவர் கூப்பிட மாட்டார். ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல் தன் பெயரைக் கேட்டதும் எழுந்து ஓடினான் அல்லவா, அந்தக் கதையை அவர் சொல்லும் விதமே வேறு. கூப்பிட்டது யார் என்று சாமுவேலுக்குத் தெரியாது. ஆனாலும் எழுந்து ஓடினான். வயதான ஆசாரியர் கூப்பிட்டதாகவே நினைத்தான். பெரியவர்களின் குரலுக்கு எழுந்து பழகிய கால்தான் ஆண்டவருடைய குரலுக்கும் எழுந்தது என்பார் நைனா.

விடிவதற்கு முன்பு எங்கள் வீட்டில் ஜெபம். அதற்கு எழுந்திருப்பதில் சாராள் கடைசி. நைனா கூப்பிட்டதும், "தோ வரேன் நைனா" என்று போர்வைக்குள்ளிருந்து தெளிவாகப் பதில் வரும். ஆள் வராது.

"வாய் வந்துடுச்சு. மிச்சம் எல்லாம் எங்கம்மா கீது?" என்பார் நைனா.

அவரையே எழுப்பியது சேவல்தான். அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் சாராள். பருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பாதியில் நழுவவிட்ட குஞ்சு அது. இறக்கை ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். மஞ்சள் பற்றுப் போட்டு, முறத்தின் கீழ் மூடி வைத்துக் காப்பாற்றினாள். அது முதன்முதல் கூவிய அன்று பேதுரு என்று பெயர் வைத்தாள்.

"அப்போஸ்தலன் பேரைப் போய்க் கோழிக்கு வெக்கறதா?" என்றார் நைனா.

"கோழி கூவினப்புறந்தானே அவரு திருந்தினாரு? கூவினதுக்கும் ஒரு பேரு வேணாமா?" என்றாள் அவள்.

அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டாள். பெயர் நிலைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்

கிறிஸ்துமஸுக்குக் கோழிக் குழம்பு வேண்டும். அது வேதத்தில் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் உண்டு. அந்த ஆண்டு அம்மாவின் கண் பேதுருவின்மேல் விழுந்தது. இரண்டு நாள் அதற்குக் கூடுதலாக நொய் போட்டாள். சாராள் அதைக் கவனித்தாள்.

மறுநாள் சேவல் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. காலில் வெள்ளைத் துணி.

"இன்னாடி இது?" என்றாள் அம்மா.

"ஆண்டவருக்குக் கட்டிட்டேன்."

"உன்ன யாருடி கட்டச் சொன்னது? சேவலு இன்னா புடலங்காயா?"

"நம்ம ஊட்டுக் கோழி பொரிச்சதுல மொதல் சேவல் அதுதானே. மொதலாவது அவருக்குத்தானே?"

அம்மா நைனாவைக் கூப்பிட்டாள். நைனா வந்து சேவலைப் பார்த்தார், சாராளைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஆனால் கேட்ட கேள்வி சிரிப்பானது அல்ல.

"சும்மா கட்டினியா, ஜெபம் பண்ணிக் கட்டினியா?"

"ஜெபம் பண்ணித்தான் கட்டினேன். ஆண்டவரே, இது உம்முடையதுன்னு சொன்னேன்."

"சரி. அப்போ அது அவருடையது" என்றார் நைனா.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு. சாராள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

தை மாதம் வருகிறது, அறுப்பின் பண்டிகை வருகிறது, கட்டியவை எல்லாம் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதை அவள் மறந்திருந்தாள். பூசணியைப் பண்டிகைக்காக அம்மா துடைத்து வைத்த நாளில்தான் அவளுக்கு நினைவு வந்தது. அன்று மாலை அவள் சாப்பிடவில்லை.

"ஆண்டவருக்குச் சேவல் எதுக்குமா? அவருக்கா முழிக்கத் தெரியாது?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோயில்லயே வெச்சுக்கினா இன்னா? நானே போய் நொய் போடறேன்" என்றாள். அம்மா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

விட்டுப்போன அதிகாரம்

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை ஜெபத்தில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

நைனா ஒவ்வொரு புத்தாண்டிலும் வேதத்தை ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தொடங்குவார். மாலைக்கு ஓர் அதிகாரம். ஆகவே தை மாதத்தில் பண்டிகை வரும் சமயத்தில் ஆபிரகாமின் கதையில்தான் இருப்போம். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி. அன்று வாசிக்க வேண்டியது, ஆபிரகாம் தன் மகனைப் பலியிட மலைக்கு அழைத்துப்போகும் அதிகாரம்.

நைனா பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளி, ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணத்தைப் பற்றிய அடுத்த அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கினார்.

"நைனா, ஒண்ணு உட்டுட்டீங்க" என்றாள் என் தங்கை.

நைனா கண்ணாடியைக் கழற்றினார். அம்மா விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"கடைசில அந்தப் புள்ளைக்குப் பதிலா ஆட்டுக்கடா வந்துடும் இல்ல, நைனா? புதர்ல மாட்டிக்கினு?"

"வரும்."

"எனுக்கும் வருமா?"

பொய் சொல்ல நைனாவுக்கு அது நல்ல சந்தர்ப்பம். "தெரியாதும்மா" என்றார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வழக்கத்தில் அவ்வளவு கண்டிப்பானவர், மகள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சின்னப் பொண்ணு தெரியாம கட்டினது. நேர்ச்சைன்னு ஆகாது. ஐயர்கிட்ட நான் சொல்லிக்கறேன். காலையில அவுத்துடு."

அம்மா நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சாராள் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அந்தக் கொய்யாக்கா?" என்றாள்.

முந்தின ஆண்டு கொல்லைக் கொய்யாமரம் முதன்முதல் ஒரே ஒரு காய் காய்த்தது. அம்மா துணி கட்டிவிட்டாள். பண்டிகைக்கு முந்தின வாரம் அது பழுத்தபோது சாராள் காய்ச்சலில் கிடந்தாள். கஞ்சி இறங்கவில்லை. அந்த ஒரு பழம்தான் வேண்டும் என்று அழுதாள். நைனா பஜார் வரைக்கும் நடந்துபோய் வேறு கொய்யா வாங்கி வந்தார். மரத்துப் பழத்தைத் தொடவிடவில்லை.

"வாய் கசந்து போய்க் கீது, ஒரு கடி குடுங்கன்னு கேட்டேன். குடுத்தீங்களா? தேவசகாயம் மாமா அத ஏலத்துல எடுத்து அங்கியே கடிச்சித் துன்னாரு. நா பாத்துகினே இருந்தேன்." அவள் குரலில் புகார் இல்லை. கணக்கில் ஓர் இடத்தில் இடித்தால் பிள்ளைகள் கேட்பார்களே, அந்தக் குரல். "இப்ப இத அவுத்தா, அப்போ நா அழுதது எல்லாம் சும்மாவா, நைனா?"

நைனா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு வேதத்தை மறுபடி தன் பக்கம் இழுத்து, தள்ளிய தாளைத் திருப்பி, விட்டுப்போன அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். ஆட்டுக்கடா வந்த இடத்தில் சாராள் மட்டும் தலையை ஆட்டினாள்.

புங்கமரத்து நிழலில்

ஏலம் கோயிலுக்கு வெளியே, புங்கமரத்து நிழலில். கூறுபவர் அதே தேவசகாயம் மாமா. பட்டாபிராம் ஸ்டேஷனில் போர்ட்டர். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

பூசணி போனது. வாழைத்தார் போனது. மாமா சேவலைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"தோ வந்துகீறாரு பேதுரு. ஜெபத்துல பூந்து கலாட்டா பண்ணிட்டு, இப்ப மனஸ்தாபப்பட்டுகினு கீறாரு. கேளுங்க, கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. உபாத்தியாயர் ஒரு சின்னத் தொகை சொல்லட்டும், பிள்ளையின் சேவல் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று சபை முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரின் அன்பும் அந்த மௌனத்தில் இருந்தது.

"இன்னா உபாத்தியாயரே, இந்தப் பக்கம் பாத்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. மூணு தரம் சொல்லி முடிச்சுடறேன்" என்றார் மாமா.

கொடுத்ததைக் கொடுத்தவரே ஏலத்தில் கேட்பதில்லை என்பது நைனாவின் வழக்கம். சபையில் மற்றவர்கள் கேட்பதுண்டு, அவர் கேட்டதில்லை. ஆனால் அன்று அவர் வாய் திறந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், பார்த்தேன். சாராளும் பார்த்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள்.

"வேணாம், நைனா."

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் விலை சொன்னது. நல்ல விலை. எல்லோரும் திரும்பினார்கள். காதர் பாய். பூந்தமல்லி பஜாரில் கோழிக்கடை வைத்திருந்தவர். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஏலத்துக்குக் காலிக் கூடையோடு வருவார்.

"ஏன் பாய், ஊர்ல வேற கோழியே கெடைக்கலியா உனுக்கு?" என்றாள் ஓர் அம்மாள்.

"இன்னாம்மா இது? ஏலம்னு கூப்டறீங்க, கேட்டா மொறைக்கிறீங்க."

தேவசகாயம் மாமா மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் நிறுத்தியதை நான் அவரிடம் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

கொடுத்தவர் வீட்டாரே பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். நைனா எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் சாராள் எழுந்துவிட்டாள். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கால்கள் நேராக அந்தப் பக்கம் போயின. மாமாவிடமிருந்து சேவலை வாங்கிக் காதர் பாயின் முன்னால் போய் நின்றாள். அதற்குள் பாய்க்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"பேரு இன்னா பாப்பா?"

"பேதுரு."

"நல்லாக் கூவுமா?"

"விடியறதுக்கு முன்னாடி கூவும். ஜெபத்துக்கு எங்கள எழுப்பறது அதுதான்."

"இந்தத் துணி இன்னாத்துக்கு?"

"அது ஆண்டவருதுன்னு அர்த்தம்."

பாய் தாடியைச் சொறிந்தார். "எங்க ஊட்லயும் விடியகாலம் தொழுகைக்கு எழுப்ப ஆளு வேணும்தான்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சேவலைக் கூடையில் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துணியை அவிழ்க்கவில்லை. பூந்தமல்லிச் சாலையில் அவர் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பேதுருவின் தலை அவர் முழங்கைக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போனது.

அவர் சொன்னது மெய்யா, ஒரு குழந்தைக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு பஜாருக்குப் போனால் நைனா அந்தக் கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போவார். சாராள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆட்டுக்கடா வந்ததா இல்லையா என்று எங்களில் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையைப் பற்றி அதற்குப் பின் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கட்டளையாகவே அதை விளக்குவார்கள். எனக்கோ அந்த மாலைதான் நினைவுக்கு வரும். தான் கற்பித்த சொல் மகளுடைய வாயிலிருந்து திரும்பி வந்தபோது என் தகப்பனார் அதற்குக் கீழ்ப்படிந்தார். தள்ளிய தாளைத் திருப்பினார். அன்று முதல் அவர் சொல்லைக் கேட்பது எனக்குப் பாரமாக இல்லை. அவரும் ஒரு குரலைக் கேட்கிறவர் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள்

மறுநாள் விடியலில் எதுவும் கூவவில்லை.

எனக்கு அந்த அமைதியிலேயே விழிப்பு வந்துவிட்டது. இருட்டில் படுத்திருந்தேன். பக்கத்துக் கொல்லையில் ஆடு ஒன்று செருமியது. இன்றைக்கு ஜெபத்துக்கு யார் எழுப்புவார்கள் என்று யோசித்தேன். யாரும் எழுப்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்றும் யோசித்தேன்.

அப்போது சிமெண்டுத் தரையில் காலடிச் சத்தம் கேட்டது. சிறிய கால்கள். அடுப்படிக்குப் போயின. தீப்பெட்டி உரசும் சத்தம், பிறகு மண்ணெண்ணெய் வாசனை. சாராள் போர்வையைத் தோளில் இழுத்துக்கொண்டு, சிம்னி விளக்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வந்தாள். தூக்கத்தில் கண்கள் பாதி மூடியிருந்தன. நைனாவின் பாயருகே போய் நின்றாள்.

விளக்கு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நைனாவின் கண்கள் திறந்திருந்தன. எப்போதிலிருந்து விழித்திருந்தாரோ தெரியாது. கூரையைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தார். கால் சத்தம் வந்தபோதும் எழவில்லை. விளக்கு வந்து நின்றபோதும் எழவில்லை.

"நைனா, ஜெபத்துக்கு நேரமாச்சு" என்றாள் சாராள்.

"இதோம்மா" என்றார் நைனா. சொல்லிக்கொண்டே எழுந்து நடந்தார்.